எலும்பின் வயதும் உறையின் கையொப்பமும்

யாழ்ப்பாணம் செம்மணி மனிதப் புதைகுழி வழக்கில் தவணை நெருங்கும்போதெல்லாம் வாசகர் கடிதங்கள் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன. எலும்பை வெளிநாட்டுக்கு அனுப்பினால் உண்மை வருமா, மன்னார்ப் புதைகுழிக்கு வந்தது போன்ற பதில்தான் வருமா? எலும்பின் வயதைக் கணிக்கும் காபன் பரிசோதனையே ஏமாற்று என்கிறார்கள் சிலர். ஆய்வுகூடம் சொன்ன பிறகு பேச என்ன இருக்கிறது என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பாருக்கும் சொல்ல வேண்டியதை மாத்தளையிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

மாத்தளையில் எதில் சிக்கல்?

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் உயிர்வாயு அலகு ஒன்றுக்காக நிலம் வெட்டிய தொழிலாளர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். நீதவானின் உத்தரவில் நடந்த அகழ்வில் 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிவந்தன. அகழ்வில் பங்கேற்ற தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ, மண் அடுக்கையும் உடன் கிடைத்த பொருட்களையும் வைத்து, அவை 1986க்கும் 1990க்கும் இடையில் புதைக்கப்பட்டவை என்றார். ஜேவிபி கிளர்ச்சியும் அதை அடக்கிய கொடுமையும் நடந்த காலம் அது. 2013இல் ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மாதிரிகள் அமெரிக்க ஆய்வுகூடத்துக்குப் போயின. எலும்புகள் 1950க்கு முந்தியவை என்ற முடிவு வந்தது. பிள்ளையைத் தொலைத்த மாத்தளைத் தாய்மாருக்கு அரசு கொடுத்த பதில் அதுதான்.

‘1950க்கு முந்தியது’ என்றால் என்ன?

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றிலிருந்த காபன் 14இன் அளவு, வட அரைக்கோளத்தில் ஏறத்தாழ இரட்டிப்பானது. வானில் அணுகுண்டு வெடிப்பதைத் தடை செய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பின் அது மெல்ல இறங்கியது. அந்தக் காற்றை உண்டு வளர்ந்த பயிரின் வழியாக அந்தக் காபன் நம் எல்லோருடைய உடம்பிலும் ஏறியிருக்கிறது. பல்லின் மிளிரி குழந்தைப் பருவத்தில் உருவாகி, பின்னர் மாறாமல் நிற்கும். ஆகவே அது பிறந்த காலத்தைக் காட்டிக்கொடுக்கும். எலும்பு மெதுவாகப் புதுப்பிக்கப்படுவதால், 1989இல் இறந்த முதியவரிடத்திலும் அந்தக் குண்டுக் காபன் ஓரளவு இருக்கும். 1965இல் பிறந்து 1989இல் கொல்லப்பட்ட இளைஞரிடத்தில் அது இல்லாமல் போகவே முடியாது. அந்தக் காபன் இல்லாத எலும்பையே ‘1950க்கு முந்தியது’ என்கிறார்கள்.

அப்படியானால் பரிசோதனை ஏமாற்று அல்ல. சரியான மாதிரி கிடைத்தால் 1989ஐயும் 1940களையும் பிரித்துக் காட்டும் கருவி இதைப்போல் வேறில்லை.

ஆனால் ஆய்வுகூடம் பதில் சொல்வது தன் மேசைக்கு வந்த உறையிலுள்ள துண்டைப் பற்றி மட்டுமே. புதைகுழியைப் பற்றி அல்ல. அந்தத் துண்டு குழியின் எந்த அடுக்கில், எந்த எலும்புக்கூட்டில் எடுக்கப்பட்டது, அதைத் தெரிவு செய்தவர் யார், பொதி எத்தனை கை மாறியது, முத்திரை உடைந்ததா என்பவற்றை வெட்டிய இடத்தில் நின்றவர் எழுதி வைத்திருந்தால்தான் முடிவு குழிக்குப் பொருந்தும். 150க்கும் மேற்பட்டவர்களுக்குச் சில துண்டுகள் பதில் சொல்லிவிட முடியாது. மன்னார் சதொச வளவில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. அங்கிருந்து போனவை 6 மாதிரிகள். 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று 2019 மார்ச்சில் வந்த முடிவு குழி முழுவதன் தீர்ப்பாகவே பேசப்பட்டது.

இன்னொரு ஆபத்தும் உண்டு, எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். எலும்பு உதிராமலிருக்கப் பெற்றோலியத்தில் செய்த பசை பூசினால், அதில் காபன் 14 துளியும் இல்லாததால் எலும்பு பழையதாகத் தோன்றும். அளக்கப்படும் காபனில் பத்தில் ஒரு பங்கு அப்படிப்பட்டதாக இருந்தால் வயது ஏறத்தாழ 850 ஆண்டு கூடிவிடும். ஆய்வுகூடம் கழுவிச் சுத்தம் செய்யும்தான். ஆனால் என்ன பூசப்பட்டது என்பதைத் துண்டோடு அனுப்பிய சீட்டு சொல்லாவிட்டால் எதைக் கழுவுவது? மாத்தளையில் இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடக்கவில்லை என்பதைக் காட்டும் பதிவைப் பொதுமக்கள் முன் வைக்க வேண்டிய பொறுப்பு அரசுக்கு இருக்கிறது என்கிறேன்.

பயிற்சி யாருக்கு?

அறிக்கைகளில் வரும் ‘பயிற்சி பெற்ற அலுவலர்’ என்பதற்குப் பயிலரங்கில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கியவர் என்பதற்கு மேல் பொருள் தெரிவதில்லை. ஈர எலும்பைப் பொலித்தீனில் கட்டினால் பூஞ்சணம் பிடித்து மரபணு சிதையும். நிழலில் உலர்த்தித் தாள் உறையில் இட வேண்டும். உறையில் குழி, அடுக்கு, எலும்புக்கூட்டு இலக்கம், திகதி, நேரம், எடுத்தவர் கையொப்பம். அடுத்துப் பெறுபவர் அதன் கீழே தன் கையொப்பம். ஒருவர் தவறினாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு அந்த இடைவெளி போதும். இதைக் கைப்பழக்கமாக்கும் பயிற்சி சட்ட வைத்திய அதிகாரிக்கும் சோகோ பொலிஸாருக்கும் (குற்றவிடத்தை ஆராய்பவர்கள்) மட்டுமல்ல, சான்றுப்பொருள் அறையின் சாவியை வைத்திருக்கும் நீதிமன்ற எழுதுவினைஞருக்கும் வேண்டும். மாத்தளையில் எலும்பை முதலில் தொட்டவர்கள் கட்டடத் தொழிலாளர்கள். செம்மணியிலும் 2025 பெப்ரவரியில் மயான வேலைக்கு மண் வெட்டியபோதுதான் எலும்புகள் தெரியவந்தன. ‘எலும்பு கண்டால் வேலையை நிறுத்து, எதையும் எடுக்காதே, பொலிஸுக்குச் சொல்’ என்ற ஒரு தாள் ஒவ்வொரு ஒப்பந்தக்காரரிடமும் இருக்க வேண்டும்.

மரபணுச் சோதனை போதாதா?

ஒப்பிட உறவினரின் மாதிரி இருந்தால் ஆளை அடையாளம் காட்டும். இறந்த ஆண்டைச் சொல்லாது.

வெளிநாட்டு நிபுணர் வந்தால்?

நல்லது, ஆனால் அவர் வருவதற்குள் முதல் மண்வெட்டி விழுந்திருக்கும்.

மாத்தளை எச்சங்களை மீண்டும் சோதிக்கலாமா?

முறையாகப் பேணப்பட்டிருந்தால் விஞ்ஞானத்தில் தடையில்லை.

செம்மணிக் குடும்பங்கள் இப்போது என்ன செய்யலாம்?

அங்கே 2025இல் சுமார் 240 எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. எந்த மாதிரியும் வெளிநாடு போகும் முன் உங்கள் சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் மூன்றைக் கேளுங்கள். மாதிரியைத் தெரிவு செய்பவர் யார், எந்த அடிப்படையில்? ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் பல் சேர்க்கப்படுகிறதா? மாதிரியின் மறுபாதி முத்திரையுடன் நீதிமன்றக் காவலில் இருக்குமா? முடிவு வந்த பிறகு இவற்றைக் கேட்டுப் பயனில்லை.