கழட்டி மாட்டினா சரியாயிடும்... எத்தனை நாளைக்கு?

மோட்டார் நல்லாத்தான் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று டிரைவ் டிரிப் ஆகும். டிஸ்ப்ளேயில் 'என்கோடர் ஃபால்ட்'. ரீசெட் அடித்தால் ஓடிவிடும். மூன்று நாள் கழித்து மறுபடியும் அதே கதை. யாராவது கனெக்டரைக் கழட்டி மாட்டுவார், சரியாகிவிடும். இரண்டு வாரத்தில் திரும்ப வரும். அதற்குள் மோட்டாரையே மாற்றச் சொல்லிவிடுவார்கள்.

முதலில் ஒன்று. ஃபால்ட் கோடு காரணத்தைச் சொல்லாது. சிக்னல் வரவில்லை என்பது மட்டும்தான் டிரைவுக்குத் தெரியும். என்கோடர் செத்ததா, வழியில் ஒரு பின் விட்டுப்போச்சா என்பதை நாமதான் கண்டுபிடிக்க வேண்டும்.

உடனே மல்டிமீட்டரை எடுத்து கன்டினியூட்டி பார்ப்போம். 'பீப்' என்று கத்தும். அங்கதான் ஏமாறுகிறோம். மோட்டார் நிற்கிறது, அதிர்வு இல்லை, சூடு இல்லை. மீட்டர் அனுப்புவதும் ஒரு மில்லிஆம்ப் அளவுக் கரண்ட்தான். ஒயரில் ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தால்கூடப் போதும். பவர் கனெக்டரில் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். காண்டாக்டில் 0.1 ஓம், ஓடுவது 20 ஆம்ப். டிராப் 2 வோல்ட், வெப்பம் 40 வாட். நம்ம லேப் சோல்டரிங் அயர்னே 25 வாட்தான்! அந்த 0.1 ஓமை சாதாரண மீட்டரால் நம்பிக்கையாகக் காட்டவும் முடியாது, அதன் லீட் ஒயருக்கே அதைவிட அதிக ரெசிஸ்டன்ஸ் இருக்கலாம்.

சரி, கழட்டி மாட்டினால் ஏன் சரியாகிறது? வெள்ளீயம் பூசிய பின்கள் அதிர்வில் சில மைக்ரோமீட்டர் முன்னும் பின்னும் உரசும். ஒவ்வொரு உரசலிலும் புது உலோகம் வெளியே வந்து ஆக்ஸைடு ஆகும். கருப்புப் பொடி சேரும். இதற்கு ஃப்ரெட்டிங் என்று பெயர். கழட்டி மாட்டும்போது அந்தப் பொடி வழித்துவிடப்படுகிறது, அவ்வளவுதான். அதனால் 'கழட்டி மாட்டினா சரியாச்சு' என்றால், அது ரிப்பேர் இல்லை, தடயம். கடலூர் மாதிரி உப்புக் காற்று அடிக்கிற ஊரில் இன்னும் சீக்கிரம் வரும். கனெக்டரில் ஐபி67 என்று போட்டிருந்தாலும், மூடியை முழுசா இறுக்கினால்தான் அதற்கு அர்த்தம்.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் 'டாலி' என்ற கப்பல் கரண்ட் போய், பாலத்தில் மோதியது. பாலத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 6 பேர் இறந்தார்கள். முதலில் கரண்ட் போனதற்குக் காரணம் சுவிட்ச்போர்டில் லூசாக இருந்த ஒரே ஒரு கண்ட்ரோல் ஒயர் என்று அமெரிக்க விசாரணை வாரியம் 2025 நவம்பரில் சொன்னது. ஒயர் நம்பர் ஒட்டும் லேபிள் ஸ்லீவ் தடுத்ததால், ஒயர் முனை டெர்மினலுக்குள் முழுசா போகவில்லை.

அப்போ எப்படிப் பிடிப்பது? ஃபால்ட் வரும் சூழ்நிலையை நாமே உண்டாக்க வேண்டும். டிரைவின் ஃபால்ட் லாகில் டிரிப் ஆன நேரத்தின் ஸ்பீடு, கரண்ட் பாருங்கள். குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போதா, ஒரு மணி நேரம் சூடான பிறகா? கேபிள் அசையும் இடத்திலா? பிறகு லோடைக் கழற்றிவிட்டு, குறைந்த ஸ்பீடில் ஓட்டி, என்கோடரின் ஏ, பி சிக்னலை ஆசிலாஸ்கோப்பில் பார்த்தபடி, கேபிளை இன்சுலேட்டட் குச்சியால் அசைத்துப் பாருங்கள். பக்கத்தில் தெரிந்தவர் இருக்கட்டும். ஃபீட்பேக் போனால் மோட்டார் கட்டுமீறி வேகம் எடுக்கலாம், ஓவர்ஸ்பீடு டிரிப்பை முதலிலேயே செட் பண்ணிவிடுங்கள்.

பவர் பக்கம் ஓடும்போது தொடவே கூடாது. சப்ளையை ஆஃப் செய்து பூட்டி, டிரைவ் லேபிளில் போட்டிருக்கும் நேரம் காத்திருந்து, டிசி பஸ் வோல்ட்டேஜ் இறங்கியதை அளந்து பார்த்த பிறகுதான் கை. ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். நிறம் மாறிய பின், இன்சுலேஷன் மேலேயே அடித்த கிரிம்ப் இரண்டும் கண்ணில் படும். மெகர் போடுவதானால் டிரைவைக் கழற்றிவிட்டுத்தான். மறந்தால் டிரைவும் போச்சு.

கெட்ட கனெக்டர் கிடைத்தால் ஆணும் பெண்ணும் இரண்டையும் மாற்றுங்கள், ஒரே பூச்சில். தங்கப் பின்னுக்கு வெள்ளீய சாக்கெட் மாட்டாதீர்கள். கேபிளை கிளாம்ப் போட்டு அசையாமல் பிடித்துவிட்டு, லாக் புக்கில் 'கனெக்டர் சரி செய்யப்பட்டது' என்று எழுதாமல், எந்தப் பின், என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த ஷிஃப்ட் ஆள் மோட்டாரை மாற்றச் சொல்லாமல் இருப்பார்.