துடைக்குமுன் காப்போம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றதால், பல இல்லங்களில் மடிக்கணினியைத் துடைத்து வேறு இயங்குதளம் நிறுவும் தேவை எழுந்துள்ளது. இது நல்ல மருந்தே. ஆயினும் இம்மருந்து நோயையும் செல்வத்தையும் வேறுபிரித்தறியாது. மறைந்த பெற்றோரின் நிழற்படங்களும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் உடன் அழியும்.

எனவே முதற்கண் அவற்றை வெளிவட்டு ஒன்றில் படியெடுப்போம். அப்படியை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பின்னரே அடுத்த படியில் கால் வைப்போம். விண்டோஸ் நிறுவ 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும். அதில் முன்பிருந்தவையும் அழிந்துபோம்.

கணினியைப் பிறருக்கு அளிப்போர் மற்றொன்றையும் கருத வேண்டும். விரைவு ஃபார்மட் என்பது நூலின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பதை ஒக்கும். ஏடுகள் உள்ளே எஞ்சியிருக்கக்கூடும். ஆதலின் வட்டை முழுமையாகத் துடைக்கும் முறையையே தேர்ந்துகொள்வோமாக.