ஊறுகாயும் படிகாரமும்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் அடிவாரத்து மாந்தோப்புகளும், அவற்றிற்கு மேல் இலவ மரங்களும், அதற்கும் மேல் காப்பியும் ஏலமும் விளையும் சரிவுகளுமாக மலைவளம் அமைந்துள்ளது. விடியுமுன் ஜீப்பு வண்டிகளில் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்மக்களின் தூக்குச்சட்டியில் சோற்றுக்குத் துணையாவது பெரும்பாலும் ஊறுகாயே. மாவடு, நெல்லி, நார்த்தை ஆகியவற்றை ஊறவைத்து விற்பது மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கேற்ற குடிசைத் தொழிலுமாகும். அத்தகைய குழுவொன்றின் ஜாடி குழைந்து கெடுமாயின், காயும் உப்பும் மட்டுமன்று, கடன் பெற்று இட்ட முதலும் பலருடைய உழைப்பும் வீணாகின்றன.

ஆகையால், காய் குழையாதிருக்கப் படிகாரம் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. சிலர் கைக்கு வந்த அளவு சேர்க்கின்றனர். சிலர் நஞ்சென்று அஞ்சி அறவே ஒதுக்குகின்றனர். இரண்டும் பொருந்தா. அதன் இயல்பை அறிந்துகொள்வதே நன்று.

படிகாரம் செய்யும் வேலை

சீனக்காரம் என்றும் வழங்கும் படிகாரம், கலங்கல் நீரைத் தெளிவிக்கவும் சவரத்திற்குப் பின் தடவவும் பயன்படுவதை யாவரும் அறிவர். பொட்டாசியமும் அலுமினியமும் கலந்த கந்தக உப்பு அது. காய் என்பது கண்ணுக்குப் புலனாகாத சிற்றறைகளால் ஆனது. செங்கற்களைச் சாந்து பிணைப்பது போல, அவ்வறைகளைப் பெக்டின் என்னும் பொருள் பிணைத்து நிற்கிறது. காய் கனியும்போதும், பூஞ்சணம் பற்றும்போதும் இப்பெக்டின் சிதைவதால் காய் குழைகிறது. படிகாரத்திலுள்ள அலுமினியம் பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று கட்டி இறுக்குகிறது. சுண்ணாம்பிலுள்ள கால்சியமும் அவ்வாறே செய்யும்.

ஆனால் இறுக்குவது வேறு, கெடாமற் காப்பது வேறு. ஊறுகாயைக் காப்பவை உப்பும் புளிப்பும் துப்புரவுமே. இவை குறைந்த ஜாடியைப் படிகாரம் காப்பாற்றாது.

எங்கே வேண்டும், எங்கே வேண்டா

நெல்லிக்காயைப் பாகில் ஊறவைக்கும்போது படிகாரத்திற்கு இடமுண்டு. முள்ளால் குத்திய காய்களை நூற்றுக்கு 2 பங்கு, அதாவது லிட்டர் நீருக்கு 20 கிராம், படிகாரம் கரைத்த நீரில் 24 மணி நேரம் ஊறவைத்து, பலமுறை நன்கு கழுவி, வெந்நீரில் வாட்டிப் பின்னரே பாகிலிடுவது வழக்கம். ஊறிய நீரைக் கொட்டிவிட வேண்டும். படிகாரத்தை ஜாடியிலேயே இடலாகாது. இட்டால் துவர்ப்பும் கசப்பும் மிகும்.

அமெரிக்க வேளாண்மைத் துறையும், உப்புநீரில் புளிக்கவைக்கும் வெள்ளரிக்குப் படிகாரம் சிறிது உதவுமென்றும், வினிகரில் உடனே போடும் ஊறுகாய்க்கு அதனால் பயனில்லையென்றும் கூறுகிறது. வெள்ளரியின் பூ நுனியில் காயைக் குழைக்கும் நொதிகள் இருப்பதால், அந்நுனியை மெல்லியதாக நறுக்கிவிடுவதே மேலான வழி என்பதும் அதன் அறிவுரை.

நமது மாவடுவுக்குப் படிகாரம் தேவையில்லை. முற்றாத, அடிபடாத வடுக்களைக் காம்புடன் பறித்து, அன்றைக்கே கழுவி, ஈரமறத் துடைத்து, 1 கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் வரை கல்லுப்பிட்டு, நாள்தோறும் குலுக்கிவர வேண்டும். வடு உப்புநீரில் மூழ்கியிருக்க வேண்டுவது முக்கியம். 2011 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் உப்புநீர் ஊறுகாயில் உப்பு நூற்றுக்கு 12 பங்குக்குக் குறையலாகாதென விதித்தன. உப்பைக் குறைத்துவிட்டுப் படிகாரத்தை நாடுவது, கூரையைப் பிரித்துவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றதாகும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, வெங்காரம் வேறு, படிகாரம் வேறு. பெயரும் தோற்றமும் ஒத்திருப்பதால் மாறிவிடக்கூடும். வெங்காரம் உணவில் சேர்க்கத் தகாத பொருள். உணவுத் தரமெனக் குறிக்கப்பட்ட படிகாரத்தையே கேட்டு வாங்குக.

இரண்டாவதாக, அலுமினியம் அளவுக்கு மிஞ்சலாகாது. உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, 2011 இல், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு வாரத்திற்கு 2 மில்லிகிராம் என வரம்பு குறித்தது. இவ்வரம்பு எல்லா உணவுகளிலிருந்தும் சேரும் மொத்த அளவுக்காகும். சிறுநீரக நோயுள்ளோர் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். காயைக் கழுவுவதில் சோம்பலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவதாக, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்த காயை நன்கு கழுவாவிடில், அது புளிப்பை முறித்து ஊறுகாயைக் கெடுக்கும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு உதவாது.

நான்காவதாக, உப்பும் புளிப்பும் அலுமினியப் பாத்திரத்தை அரிக்கும். நெல்லியின் துவர்ப்பு இரும்போடு கூடிக் கறுக்கும். பீங்கான் அல்லது கண்ணாடி ஜாடியே சிறந்தது.

விற்பனைக்குச் செய்யும் குழுக்கள் 2006 ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்வது அவசியம். தொழில்நுட்ப ஆலோசனை பெறப் பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி அண்மையிலேயே உள்ளது. நல்ல காய், நிறைந்த உப்பு, ஈரமில்லாக் கரண்டி ஆகிய மூன்றையும் நம் தாய்மார்கள் பேணுவாராயின், அவர்களுடைய ஜாடிகளுள் பெரும்பாலானவற்றிற்குப் படிகாரம் தேவைப்படாது.