சேலத்துக்கு வந்த கௌபோய்

இந்தக் கிழமை எபிசோட்டில் பக்கப் பற்றிக் கதைத்தோம். நேரம் காணாமல் நான் விட்ட கதை ஒன்று இருக்கு. அது ஹார்ட் டிரைவ் பற்றினது இல்லை, பழைய கௌபோய்ப் படம் பற்றினது.

போன மாதம் ஒரு கொன்ட்ராக்ட் முடிந்து அடுத்தது தொடங்க முதல் சில நாள் கையில் இருந்தது. கோட்-டே-நேஜில் இருக்கிற பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் தியேட்டர் ஒப்பரேட்டர். யூடியூபில் ரொட் கமரன் நடித்த கறுப்பு வெள்ளை வெஸ்டர்ன் ஒன்றைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில், "உவன் சேலத்துக்குப் படம் பிடிக்க வந்தவன் தம்பி. யானைக்குச் சடை ஒட்டி எடுத்தவங்கள்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவருக்கு மறதி தொடங்கி ஒரு வருசமாகுது. அதுதான் கதைக்குது என்று நினைத்தேன்.

இரவு தேடிப் பார்த்தால், மனுசன் சொன்னது சரி.

1952இல் 'த ஜங்கிள்' என்று ஒரு படம் வந்தது. அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனமும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் சேர்ந்து எடுத்தது. தமிழில் அதன் பெயர் 'காடு'. கதாநாயகன் ரொட் கமரன், எங்கட கனடாக்காரர்தான், கல்கரியில் பிறந்தவர். கூட நடித்த சீசர் ரொமேரோ, சிஸ்கோ கிட் வெஸ்டர்ன் படங்களில் நாயகன். பிறகு ரீவியில் பேட்மேனின் ஜோக்கர். இயக்குநர் வில்லியம் பேர்க்கும் கௌபோய்ப் படங்களில் ஊறின ஆள். நம்பியாரும் இருக்கிறார். கதையில் மம்மத் யானைகள் வரும். கிராபிக்ஸ் இல்லாத காலம். சாதாரண யானைக்கு உரோமம் போர்த்தி நடக்கவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கூட்டணியில் எல்லிஸ் ஆர். டங்கனுக்கும் பங்கு உண்டு. 1935இல் இந்தியாவுக்கு வந்து, தமிழ் தெரியாமலே 'சதி லீலாவதி', 'அம்பிகாபதி', 'மந்திரி குமாரி' எல்லாம் இயக்கின அமெரிக்கர். அவருடைய தன்வரலாறு 2001இல் புத்தகமாக வந்தது. அதே ஆண்டுதான் இறந்தார். கொஞ்சம் பிந்தியிருந்தால்?

இதைத்தான் நாங்கள் தொழிலில் 'சிங்கிள் பொயின்ட் ஒவ் ஃபெயிலியர்' என்கிறோம். ஒரே ஒரு இடத்தில்தான் தரவு இருக்கு; அது போனால் எல்லாம் போச்சு. வெஸ்டர்ன் நடிகர்களின் நினைவுகளுக்கு இந்தப் பயம் குறைவு. அமெரிக்கத் தொலைக்காட்சி அகாடமியின் அறக்கட்டளை 1997 முதல் நடிகர், இயக்குநர், ஒலிப்பதிவாளர் என்று பலரையும் இருத்தி வைத்து மணிக்கணக்கில் வீடியோ எடுத்திருக்கு. எடுத்தது பெரிய விஷயம் இல்லை. நிகழ்ச்சி, தொழில், தலைப்பு என்று இன்டெக்ஸ் பண்ணி, எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்க விட்டிருக்கிறார்கள். அதுதான் விஷயம். தேட முடியாத பதிவு குப்பைக் கிடங்கு மாதிரி.

தமிழ் சினிமாவுக்கு அந்த அளவு ஒழுங்கான தொகுப்பு இல்லை. நூற்றுக்கு மேல் படம் எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு மட்டும் ஏற்காடு ரோட்டில் நிக்குது.

அடுத்த நாள் காலையிலேயே மைக்கோடு போனேன். "பெரியப்பா, அந்தக் காலம் எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன். "நல்லா இருந்தது" என்றார். முடிஞ்சுது. இப்படிக் கேட்கக் கூடாது. முதல் நாள் பார்த்த படத்தையே திரும்பப் போட்டேன். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னினது. உடனே அவரின் வலது கை எழும்பிச்சுது! ரீல் முடியப்போகுது என்ற அடையாளம் அது. முதல் புள்ளிக்கு அடுத்த புரொஜெக்டரின் மோட்டரைப் போட வேண்டும். ஏழு செக்கன் கழித்து வருகிற இரண்டாவது புள்ளிக்கு வெளிச்சத்தை மாற்ற வேண்டும். 2000 அடி ரீல் என்றால் இருபது நிமிசத்துக்கு ஒருக்கால். இரண்டு புள்ளிக்கும் நடுவில் தும்மினாலும் சனம் விசிலடிக்குமாம். அதிலிருந்து 40 நிமிசம் கதைத்தார்.

நீங்களும் செய்கிறதென்றால்: வாட்ஸ்அப் வொய்ஸ் நோட் வேண்டாம், அது ஒலியை நசுக்கிவிடும். வேவ் ஃபைலாக, 48 கிலோஹேர்ட்ஸில் எடுங்கோ. ஃபைல் பெயரில் திகதியும் ஊரும் இருக்கட்டும். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு வீட்டில். எழுத்தாக்குவதைக் கையால்தான் செய்கிறேன். நான் போட்டுப் பார்த்த மென்பொருள் ஒன்றுக்கும் யாழ்ப்பாணத் தமிழ் பிடிபடவில்லை.

சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு நான் சிரித்தது ஞாபகம் இல்லை. "யானை சடையோட தண்ணிக்குள்ள இறங்கியிருந்தா என்ன செய்திருப்பாங்கள்?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போறேன்.