ஒத்தாசைக்கு ஓர் ஆள்

நவம்பர் பிறந்தால் மத்திய அரசு ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்களுக்கு ஒரு கவலை வந்துவிடும். உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுத்தாக வேண்டும். வங்கிக்குப் போனால் ரேகை இயந்திரம் விரலை ஏற்காது. வயதில் தேய்ந்த விரலில் ரேகை சரியாகப் பதியாது. அதனால்தான் 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்று பெறும் வசதி வந்தது. ஆனால் அதற்கு செல்போனில் இரண்டு செயலிகளை இறக்க வேண்டும், ஆதார் எண்ணைத் தட்ட வேண்டும், ஓடிபி பார்க்க வேண்டும். பக்கத்தில் விவரம் தெரிந்த ஓர் ஆள் இருந்தால் பத்து நிமிஷ வேலை.

“வெளிச்சத்துப் பக்கம் திரும்பி உக்காருங்கம்மா. ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுங்க… ஆச்சு.”

“ஆச்சாப்பா? இதுக்கா போன வருஷம் ரெண்டு நாள் அலைஞ்சேன்?”

அந்த ‘விவரம் தெரிந்த ஆள்’ ஆவதையே தொழிலாக்கிக்கொள்ள முடியும். ஆங்கிலத்தில் பர்சனல் கான்சியர்ஜ் என்பார்கள். பெரிய ஓட்டல்களில் விருந்தினருக்கு வேண்டியதையெல்லாம் ஏற்பாடு செய்து தருகிறவருக்குக் கான்சியர்ஜ் என்று பெயர். பாரிஸில் 1929-லேயே அவர்கள் சங்கம் தொடங்கிவிட்டார்கள். கோட்டுக் காலரில் குறுக்காக வைத்த இரண்டு தங்கச் சாவிகள் இன்றும் அவர்களின் அடையாளம். நம் ஊரில் இதையே எடுபிடி வேலை என்று இளக்காரமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஒத்தாசை என்ற நல்ல சொல் இருக்கிறது; அதுவே பொருத்தம்.

சென்னையில் மயிலாப்பூர், நங்கநல்லூர் போன்ற பகுதிகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் மட்டும் தனியே வாழும் வீடுகள் நிறைய. அவர்களுக்கு வேண்டியது மாத்திரை வாங்கிவர, ஸ்கேன் எடுக்கக் கூடப் போய் உட்கார, மின்கட்டணம் கட்ட, பிளம்பர் வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்க ஓர் ஆள்.

பெரிய முதலீட்டோடு இதைச் செய்ய முயன்றவர்களின் கதையும் உண்டு. பெங்களூரில் கபீர் பிஸ்வாஸும் நண்பர்களும் தொடங்கிய டன்ஸோ, முதலில் ஒரு வாட்ஸ்அப் குழுதான். ‘இதை வாங்கி வா, அதைக் கொண்டுபோய்க் கொடு’ என்று செய்தி அனுப்பினால் முடித்துக் கொடுத்தார்கள். 2017-ல் கூகுள் பணம் போட்டது. 2022-ல் ரிலையன்ஸ் ரீட்டெய்ல் 25.8 சதவீதப் பங்கை வாங்கியது. அதற்குள் நிறுவனம் மளிகைச் சாமானை நிமிஷக் கணக்கில் கொண்டுசேர்க்கும் போட்டியில் இறங்கியிருந்தது. நஷ்டம் ஏறி, 2025 ஜனவரியில் செயலியே நின்றுபோனது. சாமானை வேகமாகக் கொண்டுசேர்ப்பது ஒரு தொழில். ஒரு வீட்டை அறிந்து வேலை செய்வது வேறு தொழில். இரண்டாவதை நாலு தெருவுக்குள் ஒரு ஸ்கூட்டரும் செல்போனும் கொண்டே தொடங்கலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வீட்டுக்கு மாதம் 1,500 ரூபாய், 20 வீடுகள் என்றால் 30,000 ரூபாய். பெட்ரோலும் போன் செலவும் இதிலேயே. கட்டணத்தை வேலைக்கு இவ்வளவு என்று வைக்காமல், மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வைப்பது நல்லது. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் மூன்று மணி நேரத்துக்கு அப்போதுதான் கூலி கிடைக்கும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் அட்டையும் போதும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்லை.

கடினமான இடம் நம்பிக்கை. முன்பின் தெரியாத ஒருவரை வீட்டுக்குள் விட யாரும் யோசிப்பார்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்து, தன்னைப் பற்றிய சரிபார்ப்புச் சான்றைத் தானே வாங்கி வைத்துக்கொள்வது முதல் படி. ஏடிஎம் பின் நம்பரை வீட்டுப் பெரியவர்களே சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது. 70 வயது தாண்டியோருக்கு வங்கி வீடு தேடி வந்து சேவை தர வேண்டும் என்று 2017-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதை எடுத்துச் சொல்லி வங்கியையே வரவழைத்துக் கொடுப்பதும் இந்தத் தொழிலில் சேர்த்தி. ஒரு நடை வேலை குறையும், ஆனால் அந்த வீடு கையை விட்டுப் போகாது.

இன்னொரு சிக்கல் உண்டு. பணம் கொடுப்பவர் அமெரிக்காவில் இருக்கும் மகள். வேலை வாங்குபவர் இங்கே இருக்கும் அப்பா. மகள் வாக்கர் வாங்கித் தரச் சொல்வார், அப்பா வேண்டவே வேண்டாம் என்பார். மகளுக்குத் தெரியாமல் இனிப்பு வாங்கிவரச் சொல்லும் சர்க்கரை நோயாளிகளும் உண்டு. எதை வீட்டோடு வைத்துக்கொள்வது, எதை மகளுக்குச் சொல்வது என்று முதல் நாளே இரு தரப்போடும் பேசி முடிவு செய்யாவிட்டால், ஒரு நாள் இரண்டு பேரின் கோபத்துக்கும் நடுவில் நிற்க வேண்டிவரும்.

அதனால் ஒரு நோட்டு அவசியம். இன்னின்ன தேதி, கண் சொட்டு மருந்து, மருந்துக்கடை பில், மீதிச் சில்லறை, வாங்கிக்கொண்டவர் கையெழுத்து. பக்கத்தைப் போட்டோ எடுத்து ராத்திரி எட்டு மணிக்குள் அனுப்பிவிட்டால், நியூ ஜெர்சியில் விடிந்து காபி குடிக்கும்போது மகள் அதைப் பார்த்துவிடுவார்.