மாயக் கதையும் நிலாக் கணக்கும்

விருப்பம் போல் ஒரு கதை எழுதி வாருங்கள் என்று சொன்னால், நம் மாணவியரில் பலர் பேசும் கிளியையோ, பறக்கும் கம்பளத்தையோ, கண்ணுக்குத் தெரியாமல் மறையும் சிறுமியையோ பற்றித்தான் எழுதி வருகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஃபேன்டஸி’ எனப்படும் இவ்வகையை நாம் மாயக்கதை என்று வைத்துக்கொள்வோம். குழந்தை உள்ளத்திற்கு இது பிடித்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் எழுதுவதற்கு இதுவே எல்லாவற்றிலும் எளியது என்று அவர்கள் எண்ணுகிறார்களே, அதுதான் வியப்பு. “உண்மையை எழுதினால்தான் டீச்சர் தப்பு வரும். இது கற்பனைதானே, எப்படி வேண்டுமானாலும் எழுதலாமே!” என்கிறார்கள்.

எப்படி வேண்டுமானாலும் எழுதப்பட்ட கதை மூன்றாம் பக்கத்தில் நின்றுவிடும். கதாநாயகி நினைத்தபோதெல்லாம் பறக்க முடியுமானால், அவளை மலையுச்சியிலிருந்து தள்ளினால்தான் என்ன? நமக்கு அச்சமும் இல்லை, ஆவலும் இல்லை. வேதாளக் கதையை எண்ணிப் பாருங்கள். விடை தெரிந்தும் விக்கிரமாதித்தன் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். பிணத்திற்குள் இருந்து ஒரு பூதம் பேசுவதை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அந்த விதி ஒருமுறை மீறப்பட்டால் உடனே, “இது எப்படி?” என்று கேட்போம். ஆகவே மாயக்கதை எழுதுபவருக்கு இருமடங்கு வேலை. உலகையும் அவரே படைக்க வேண்டும். அதன் சட்டங்களுக்கும் அவரே முதலில் கட்டுப்பட வேண்டும்.

இதற்கு ஜே. ஆர். ஆர். டோல்கீனை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இவர் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழிப் பேராசிரியராக இருந்தவர். 1930ஆம் ஆண்டையொட்டிய ஒரு கோடையில், குடும்பச் செலவை ஈடுகட்டத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக் கொண்டிருந்தார். ஒரு மாணவர் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். சலிப்படைந்திருந்த பேராசிரியர், தரைக்கடியில் வளையில் வாழும் ஹாபிட் என்றொரு பிறவியைப் பற்றி அதில் ஒரு வாக்கியம் எழுதினார். ஹாபிட் என்றால் என்னவென்று அப்போது அவருக்கே தெரியாது! (விடைத்தாளில் வெற்றுப் பக்கம் விடுவதற்கு நம் மாணவியர் இதை ஒரு சாக்காகக் கொள்ள வேண்டாம்.)

அந்தக் கதையை அவர் தம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டி வந்தார். நான்கைந்து வயதே நிரம்பிய கிறிஸ்டோபர் ஒருநாள் குறுக்கிட்டான். போன தடவை பில்போவின் வீட்டு வாசற்கதவு நீலம் என்றீர்கள், இப்போது பச்சை என்கிறீர்கள். தோரினின் தொப்பிக் குஞ்சம் அன்று தங்க நிறம், இன்று வெள்ளியா என்று கேட்டான். தந்தை முணுமுணுத்துக்கொண்டே எழுந்து சென்று அதைக் குறித்து வைத்துக்கொண்டார். பெற்றோர்களே, உங்கள் மகள் கதை எழுதிய நோட்டுடன் வந்தால், “முதலில் பாடத்தைப் படி” என்று அனுப்பிவிடாதீர்கள். பத்து நிமிடம் கேட்டுவிட்டு, கதவு என்ன நிறம் என்று ஒரு கேள்வி கேளுங்கள். எழுதுகிறவளுக்கு அதைவிட நல்ல உதவி கிடையாது.

நூல் அச்சேறியதற்கும் ஒரு சிறுவனே காரணம். 1936இல் கைப்பிரதி லண்டனில் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகத்திற்கு வந்தது. அதன் தலைவர் ஸ்டான்லி அன்வின், சிறுவர் நூலைச் சிறுவரே மதிப்பிட வேண்டும் என்ற கொள்கையுடையவர். பத்து வயது மகன் ரேனரிடம் அதைக் கொடுத்தார். மதிப்புரைக்குக் கூலி ஒரு ஷில்லிங். நல்ல கதை, ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று பத்து வயதுப் பெரிய மனிதர் எழுதிக் கொடுத்தார்! ‘தி ஹாபிட்’ 1937 செப்டம்பர் 21 அன்று வெளிவந்தது. முதல் அச்சு 1500 படிகள்.

நூல் நன்றாக விற்றது. அடுத்த நூல் எங்கே என்றார் பதிப்பாளர். 1937 டிசம்பரில் டோல்கீன் தொடங்கினார், முடித்தபோது 1949. அதுவே ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. பன்னிரண்டு ஆண்டுகள் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். வகுப்பும் போரும் போக, மீதிப் பொழுதில் ஒரு பகுதி கணக்குச் சரிபார்த்தலில் கழிந்தது. 1944இல் ஒரு நாள், கதையில் நிலா தவறாக நடந்துகொள்வதைக் கண்டுபிடித்தார். ஒரே வேளையில் அது ஓரிடத்தில் உதித்துக் கொண்டும் வேறோரிடத்தில் மறைந்து கொண்டும் இருந்தது! பிரிந்து சென்ற நண்பர்கள் தனித்தனி வழிகளில் நடக்கிறார்கள். இரு கூட்டத்தாரும் காணும் நிலா ஒன்றல்லவா? ஒரு பிற்பகல் முழுவதும் முந்தைய அத்தியாயங்களைத் திருத்தினார். எந்த வாசகர் இதைக் கவனித்திருப்பார்? ஒருவரும் கவனித்திருக்க மாட்டார். ஆயினும் திருத்தினார்.

தூரத்தையும் அப்படியே காத்தார். வரைபடத்தை முதலில் வைத்துக்கொண்டு கதையை அதற்கு இணங்கச் செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் அம்மையாரும் 1968இல் வெளிவந்த தம் எர்த்சீ நாவலுக்கு முதலில் தீவுகளின் படத்தைத்தான் வரைந்தார். அவ்வுலகில் ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவரே அதன் மீது மந்திரம் செலுத்த முடியும். செலுத்தும் ஒவ்வொரு மந்திரமும் உலகின் சமநிலையை அசைக்கும். ஆகவே அங்கே பெரிய மந்திரவாதிகள் மிகக் குறைவாகவே மந்திரம் செய்கிறார்கள். நம் மாணவியர் கதைகளிலோ மந்திரக்கோலுக்கு ஓய்வே இல்லை.

டோல்கீன் செய்த மிகப் பெரிய திருத்தம் வேறொன்று. ‘தி ஹாபிட்’ முதற்பதிப்பில், கொல்லம் என்னும் குகைவாசி விடுகதைப் போட்டியில் தோற்றால் தன் மோதிரத்தைப் பரிசாகத் தர மனமுவந்து ஒப்புக்கொள்கிறான். பின்னால் எழுதிய பெரிய கதையிலோ அம்மோதிரம், வைத்திருப்பவரின் மனத்தையே அடிமையாக்கும் தீய பொருளாக வளர்ந்துவிட்டது. அதை எவன் மனமுவந்து கொடுப்பான்? 1947இல் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதி, மாதிரிக்காகப் பதிப்பாளருக்கு அனுப்பினார். அவர்கள் அதைத் திருத்தம் என்றே கொண்டு புதிய பதிப்பின் அச்சுக்கோப்பில் சேர்த்துவிட்டனர். 1951இல் புதிய வடிவம் வெளிவந்தது. அப்படியானால் பழைய நூலை வாங்கியவர் கதி? இங்கேதான் அவருடைய திறமை! பழைய வடிவம் பில்போ சொன்ன பொய், மோதிரத்தைத் தனக்கே உரியதென்று காட்ட அவன் அவ்வாறு சொன்னான் என்று அடுத்த நூலின் முன்னுரையில் எழுதிவிட்டார். முரண்பாடு மறைந்தது மட்டுமன்று, மோதிரத்தின் தீமைக்கு அதுவே முதற்சான்றும் ஆயிற்று.

எழுத எழுத அத்தியாயங்களை நண்பர் குழுவொன்றில் படித்துக் காட்டினார். குழுவில் ஒருவருக்கு இக்கதை அறவே பிடிக்காது. சி. எஸ். லூயிஸ் மட்டும் மேலே எழுது, மேலே எழுது என்று விடாமல் தூண்டினார். அவரில்லாவிட்டால் நூலை முடித்திருக்கவே மாட்டேன் என்று டோல்கீன் பின்னாளில் ஒப்புக்கொண்டார். எழுதும் பெண்ணுக்கு அப்படி ஒரு தோழி போதும்.

முடிந்த நூல் உடனே அச்சாகவில்லை. தம் பழைய புராணங்களையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்று டோல்கீன் பிடிவாதம் பிடித்தார்; பதிப்பாளர் மறுத்தார். வேறொரு பதிப்பகத்தை நாடினார்; அவர்கள் குறைக்கச் சொன்னார்கள். போருக்குப்பின் காகித விலையும் ஏறியிருந்தது. 1952இல் டோல்கீன் இறங்கி வந்தார். கைப்பிரதியை வாங்க ஆக்ஸ்ஃபோர்டுக்கு நேரில் வந்தவர் யார் தெரியுமா? ஒரு ஷில்லிங் வாங்கிய அதே ரேனர், இப்போது தந்தையின் பதிப்பகத்தில் பணியாற்றும் இளைஞர். ஆயிரம் பவுன் நட்டம் வரலாம் என்று கணக்கிட்டு, வெளிநாட்டிலிருந்த தந்தையிடம் அனுமதி கேட்டார். மேதையின் படைப்பு என்று நீ நம்பினால் ஆயிரம் பவுனை இழக்கலாம் என்று தந்தை இசைந்தார். ஒப்பந்தமும் புதுமாதிரி. விற்ற படிக்கு இத்தனை விழுக்காடு என்ற வழக்கத்திற்குப் பதிலாக, செலவு முழுவதும் திரும்பும் வரை ஆசிரியருக்கு ஒன்றும் இல்லை. அதன்பின் இலாபத்தில் பாதி. ஆசிரியர் கையிலிருந்து காசு கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் நூலை அச்சிட உங்களிடமே பணம் கேட்பவர் எதிர்ப்பட்டால், வீட்டுப் பெரியவரிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

விலையைத் தாங்கும்படியாக நூலை மூன்றாகப் பிரித்தார்கள். அச்சகத்தார் டோல்கீன் வேண்டுமென்றே எழுதிய சில சொல்வடிவங்களைப் பிழையென்று கருதி அகராதிப்படி மாற்றிவிட, அவர் ஒவ்வொன்றாய் மீட்க வேண்டியதாயிற்று. முதற்பாகம் 1954 ஜூலையில் வந்தது. ஆறே வாரத்தில் மறு அச்சு. நவம்பரில் வந்த இரண்டாம் பாகம், நாயகன் ஃப்ரோடோ பகைவரிடம் சிறைப்பட்டதோடு முடிந்தது. அதன்பின் வாசகர்கள் ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தனர். பொறுமையிழந்தவர்கள் பதிப்பகத்திற்குக் கடிதம் எழுதினார்கள். ஆசிரியரோ பிற்சேர்க்கைக்காக நாட்காட்டிகளையும் வம்சாவளிகளையும் சரிபார்த்துக் கொண்டிருந்தார். 1955 அக்டோபர் 20 அன்று மூன்றாம் பாகம் வந்தபோது, முன்னர் அறிவித்த பெயர் அகராதியைச் சேர்க்க இயலவில்லை என்று பதிப்பாளர் வருத்தம் தெரிவித்து ஒரு குறிப்பு அச்சிட்டிருந்தார்கள்.