பார்ப்பதற்கும் வரம்பு உண்டு

தை முதல் பங்குனி வரை காரைக்கால் கரையில் இரவில் முட்டையிட ஏறும் பங்குனி ஆமைக்கு வேண்டியது இருட்டும் அமைதியும்தான். செல்போன் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டையிட்டுப் போனால் 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் வெளிவரும். கடல் பக்கம் தெரியும் வெளிச்சத்தை நம்பித்தான் அவை ஓடும். கரையில் விளக்கு எரிந்தால் சாலைப் பக்கம் திரும்பி, நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும். ஆகவே, ஆமையைக் கண்டால் விளக்கை அணைத்துவிட்டு அதன் பின்பக்கமாக எட்டி நில்லுங்கள். ஆசையாகக்கூட குஞ்சைக் கையில் எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம்.

வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 இந்த ஆமையை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் அது வேட்டை என்றே சொல்கிறது. தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

வேடிக்கை பார்க்கும் ஆசை மனிதர்மேல் திரும்பும்போது இன்னும் கொடுமையாகிறது. நம் ஊர்களிலிருந்து அந்தமான் சுற்றுலா போகிறவர்கள் பாராடாங் குகைக்குச் செல்லும் சாலை, ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டுக்குள்ளேதான் ஓடுகிறது. சாப்பாட்டைக் காட்டி ஜாரவா பெண்களை ஆடவைத்த காணொளி 2012 ஜனவரியில் வெளியானபோது நாடே தலைகுனிந்தது. அவமானம் மட்டுமல்ல, உயிராபத்தும் கூட. வெளியார் சுமந்துவரும் நோயைத் தாங்கும் எதிர்ப்பாற்றல் அவர்களுக்கு இல்லை. 1999-லும் 2006-லும் தட்டம்மை அவர்களிடையே பரவியது. அவர்கள் மொத்தமே சில நூறு பேர். அந்தச் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டும் வண்டிகள் ஓடுகின்றன. இது எனக்கு ஆறாத வருத்தம்.

அந்தமான் பழங்குடிகளைக் காக்க 1956 முதலே தனி ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு. ஜாரவாவைப் படமெடுப்பதும், அவர்களுக்குத் தின்பண்டம் வீசுவதும், வண்டியை நிறுத்துவதும் கூடாது. பயணம் பதிவு செய்யும்போதே பாராடாங்குக்குக் கடல்வழி உண்டா என்று கேளுங்கள். "ஜாரவாவைக் காட்டுகிறோம்" என்று ஏஜென்ட் ஆசை காட்டினால் அந்த விளம்பரத்தைப் பத்திரப்படுத்தி, அந்தமான் காவல்துறைக்கோ தேசியப் பழங்குடியினர் ஆணையத்துக்கோ எழுதுங்கள்.

நம் கரையில் கூடு கலைக்கப்பட்டாலோ ஆமை செத்து ஒதுங்கினாலோ தொடாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்து வனத்துறைக்கோ 112-க்கோ சொல்லுங்கள். சொல்லியும் நடவடிக்கை இல்லையென்றால், வனவுயிர் சட்டத்தின் 55-ஆம் பிரிவு கைகொடுக்கும்: 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, எந்தக் குடிமகனும் நேராக நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம்.